டாஹாவ் வதை முகாம் நினைவிடம்: தனி கைடு தேவையா, எதைக் கேட்டு வாங்குவது?

கரிசல்காடு:
மியூனிக்கில் இரண்டு நாள் தங்கல். அதில் ஒரு நாளை, பக்கத்து ஊரான டாஹாவில் நாஜிகள் நடத்திய வதை முகாமின் நினைவிடத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஐந்து பேர். 70 தாண்டிய பெரியவர்கள் இருவருக்கு ஆங்கிலம் அறவே வராது. 11 வயதுப் பையன் ஒருவன். தனி கைடு பிடிப்பதா, அங்கேயே நடத்தும் பொதுச் சுற்றில் சேர்வதா? எவ்வளவு நேரம் வேண்டும்? எதைத் தவறவிடக் கூடாது? "போனோம், மனசு கனத்துப் போச்சு" வகைப் பதிவுகள் போதுமான அளவு படித்தாயிற்று. விவரமாகச் சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

இசார்க்கரை:
நுழைவுக் கட்டணம் கிடையாது. தனியாட்களுக்கு முன்பதிவும் வேண்டாம். காலை 9 முதல் மாலை 5 வரை தினமும் திறந்திருக்கும், டிசம்பர் 24 மட்டும் விடுமுறை. ஆகவே "நுழைவுச்சீட்டு உட்பட" என்று விளம்பரம் போட்டுக் காசு கேட்கும் ஆளை அந்த இடத்திலேயே கழித்துவிடலாம்.

கைடு மூன்று வழியில் கிடைப்பார். நினைவிடமே தினமும் ஆங்கிலத்தில் பொதுச் சுற்று நடத்துகிறது. காலை 11க்கு ஒன்று, மதியம் 1க்கு ஒன்று, இரண்டரை மணி நேரம், தலைக்குச் சுமார் 4 யூரோ. இரண்டாவது, நினைவிடத்தின் கல்விப் பிரிவில் உங்கள் குழுவுக்கென்று தனிச் சுற்று பதிவு செய்வது. பள்ளிக் குழுக்கள் அதைத்தான் மொய்க்கும் என்பதால் பல வாரம் முன்னாலேயே எழுத வேண்டும். மூன்றாவது, மியூனிக்கிலிருந்து கூட்டிப்போய்க் கூட்டிவரும் தனியார் கைடு. ரயில் பயணம் சேர்த்து ஐந்து மணி நேரம் பிடிக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

இந்த மூன்றாவதில்தான் ஆள் ஏமாறுவது. நினைவிட வளாகத்துக்குள் விளக்கம் சொல்ல, நினைவிடத்திடம் பயிற்சி பெற்று அனுமதி வாங்கியவருக்கு மட்டுமே உரிமை. காரோடு வரும் "டிரைவர் கம் கைடு" பலருக்கு அது இருக்காது. வழியெல்லாம் பேசிவிட்டு வாசலில் இறக்கிவிட்டு, "இரண்டு மணி நேரம் பார்த்துட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார். பணம் கட்டும் முன் ஒரே கேள்வி எழுத்தில் கேளுங்கள்: "உள்ளே எங்களோடு நடந்து வரும் நபர் நினைவிடத்தின் அனுமதி பெற்றவரா?" சுற்றி வளைத்துப் பதில் வந்தால் வேண்டாம்.

தாழம்பூ:
4 யூரோ பொதுச் சுற்றில் வருபவரும் அதே பயிற்சி பெற்றவர்தானே? பிறகு எதற்குத் தனி கைடு? மிச்சமாகும் பணத்துக்கு ஊரில் நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

இசார்க்கரை:
ஆங்கிலம் புரிகிற பெரியவர்கள் இரண்டு பேர் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. இவருக்குச் சரிவராது. முப்பது பேர் நிற்கும் குழுவில் ஒருவர் பக்கத்தில் நின்று கிசுகிசுவென்று மொழிபெயர்த்தால் மற்றவர்களுக்கும் தொல்லை, கேட்பவருக்கும் பாதி விட்டுப்போகும். பையனும் இருக்கிறான். 12, 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு இந்தச் சுற்று பரிந்துரைக்கப்படுவதில்லை. தனி கைடு என்றால் வேகத்தை நீங்கள் முடிவு செய்யலாம், தகனக்கூடத்துக்கு யார் வருவது யார் வராமல் இருப்பது என்று பிரித்துக்கொள்ளலாம். கூடுதல் பணம் அதற்குத்தான்.

பழங்கல்:
தனி கைடோ பொதுச் சுற்றோ, போகிறவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். டாஹாவில் இன்று கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி வெற்றுச் சரளைக்கல் வெளி. கொட்டடிகள் மொத்தம் 34, நடுச் சாலைக்கு இரு பக்கமும் பதினேழு பதினேழாக நின்றன. ஒன்றுகூட இன்று இல்லை. நிற்கும் இரண்டும் நினைவிடம் 1965இல் திறக்கப்பட்டபோது புதிதாகக் கட்டியவை. மற்றவற்றின் இடத்தைக் காங்கிரீட் விளிம்பு போட்டுக் குறித்திருக்கிறார்கள். கைடு இல்லாமல் போகிறவர் அந்த மறுகட்டுமானக் கட்டிலைத் தொட்டுப் பார்த்துக் கண்கலங்கிவிட்டு, அசலான தனிச்சிறைக் கட்டடத்தைக் கவனிக்காமல் வந்துவிடுவார். அது பிரதானக் கட்டடத்தின் முதுகுப்பக்கம் ஒளிந்திருக்கிறது. அறிவிப்புப் பலகையைத் தேடவில்லை என்றால் கண்ணில் படாது.

அசல் என்று சொல்லத்தக்கவை: ஜூர்ஹவுஸ் என்னும் வாசல் கட்டடம், பிரதானக் கண்காட்சி இருக்கும் பராமரிப்புக் கட்டடம், அதன் பின்னால் ஏறக்குறைய 200 மீட்டர் நீளத்துக்கு ஓடும் தனிச்சிறை, காவல் கோபுரங்கள், சுவருக்கு வெளியே வடமேற்கு மூலையில் இருக்கும் பழைய, புதிய தகனக்கூடங்கள். நல்ல கைடு இந்த இடங்களில் நேரத்தைச் செலவழிப்பார், மறுகட்டுமானக் கொட்டடியில் பத்து நிமிடத்துக்கு மேல் நிறுத்த மாட்டார்.

வாசல் கதவில் இருக்கும் "உழைப்பு விடுதலை தரும்" என்ற ஜெர்மன் வாசகமும் இப்போது நகல்தான். முந்தைய கதவை 2014 நவம்பரில் யாரோ பெயர்த்துக்கொண்டு போனார்கள். 2016 டிசம்பரில் நார்வேயின் பெர்கன் நகரில் கிடைத்தது. அது இப்போது கண்காட்சிக்குள் இருக்கிறது. வாசலில் எல்லோரும் முண்டியடித்துப் படமெடுப்பது நகலை.

கரிசல்காடு:
அப்படியென்றால் அந்த மறுகட்டுமானக் கொட்டடியைத் தாண்டிப் போய்விடலாமா?

பழங்கல்:
தாண்ட வேண்டாம். அங்கே உள்ளே மூன்று காலத்துப் படுக்கைகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள், ஆரம்ப காலத்தது, 1937-38க்குப் பிந்தியது, கடைசி ஆண்டுகளது. முதல் அறையில் ஆளுக்கொரு தடுப்பு, தலைமாட்டில் பலகை. கடைசி அறையில் தடுப்பே கிடையாது, நீளத்துக்குப் பலகை மட்டும். ஒரு கொட்டடி 200 பேருக்காகக் கட்டியது, கடைசியில் சிலவற்றில் 2,000 பேர் வரை அடைத்தார்கள். முகாமே 6,000 பேருக்கென்று திட்டமிட்டது, 1945இல் முகாம் விடுவிக்கப்பட்ட நாளில் உள்ளே 30,000க்கும் மேல். எண்ணாகச் சொன்னால் பெரியவர்களுக்கு ஒட்டாது. அந்த மூன்று அறையை வரிசையாக நடந்தால் ஒரு வார்த்தை மொழிபெயர்க்காமலே புரியும்.

வன்னியூரான்:
போய்ச் சேருற வழி. மியூனிக் ஹவுப்ட்பான்ஹோஃபில, அதாவது பிரதான ரயில் நிலையத்தில, S2 எண்ட புறநகர் ரயில் எடுங்கோ. பீட்டர்ஸ்ஹவுசன் எண்டு போட்டிருந்தாலும் ஆல்டோம்யூன்ஸ்டர் எண்டு போட்டிருந்தாலும் இரண்டும் டாஹாவுக்குப் போகும். எர்டிங் எண்டு போட்டது எதிர்ப்பக்கம். இருபது, இருபத்தைஞ்சு நிமிசம். "டாஹாவ்" எண்ட ஸ்டேசனில இறங்கவேணும், "டாஹாவ் ஷ்டாட்" வேற ஸ்டேசன், ஆல்டோம்யூன்ஸ்டர் ரயில் அங்கயும் நிக்கும், அதில இறங்கிப்போடாதேங்கோ. பிறகு 726 பஸ், இறங்குற தரிப்பிடம் "கா-செட் கெடெங்ஷ்டேட்டே", வதை முகாம் நினைவிடம் எண்டு அர்த்தம். பத்து நிமிசம்கூட எடுக்காது.

டிக்கெட் M-1 வலயத்துக்கு. ஐஞ்சு பேர் எண்டால் தனித்தனியா வாங்காதேங்கோ, குழு நாள் டிக்கெட் எடுத்தால் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ரெண்டுக்கும் செல்லும். பயர்ன் டிக்கெட் எண்ட பவேரிய மாநில நாள் டிக்கெட்டும் செல்லும், ஆனால் வேலைநாளில காலமை 9 மணிக்குப் பிறகுதான்.

வார இறுதியில மியூனிக் நகரத்துக்கு நடுவால போற சுரங்கப் பாதையைத் திருத்த வேலைக்கெண்டு அடிக்கடி மூடுவினம். முதல் நாள் இரவே செயலியில பாருங்கோ. S2 இல்லாட்டி ஹவுப்ட்பான்ஹோஃபில இருந்து பிராந்திய ரயிலும் டாஹாவில நிக்கும், அது இன்னும் கெதி.

ஸ்டேசனில இருந்து நினைவிடத்துக்கு "நினைவின் பாதை" எண்டு 3 கிலோமீட்டர் நடைவழி ஒண்டு இருக்கு, இடையிடையே விளக்கப் பலகை வைச்சிருக்கினம். வயசானவையோட அது வேண்டாம். உள்ளயே அவ்வளவு நடை கிடக்கு. பெட்டி படுக்கையை ஹவுப்ட்பான்ஹோஃப் லாக்கரில போட்டிட்டுப் போங்கோ, சரளைக்கல்லில சில்லு உருளாது.

இசார்க்கரை:
நடை என்று சொன்னாரே, அதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிரதானக் கட்டடத்திலிருந்து முகாமின் மறுகோடி கிட்டத்தட்ட 600 மீட்டர். அங்கிருந்து கால்வாய்ப் பாலம் தாண்டித் தகனக்கூடம். திரும்பவும் அதே தூரம். நிழல் என்று பார்த்தால் நடுச் சாலை நெட்டிலிங்க மரங்கள் மட்டும்தான். ஆள் கணக்கெடுத்த மைதானம் திறந்த வெளி, அக்டோபர் முதல் ஏப்ரல் வரை காற்று எலும்பைத் துளைக்கும். கைடு சொல்லும் முக்கியமான விஷயங்களில் பாதி அந்த மைதானத்தில் நின்றபடி சொல்வது. குளிரில் நடுங்கும் ஆளுக்கு எதுவும் காதில் ஏறாது, ஒரு அடுக்கு கூடுதலாகப் போட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டரை மணி நேரத்தை இப்படிப் பிரிக்கச் சொல்லுங்கள்: வாசலில் 15 நிமிடம், மைதானமும் பராமரிப்புக் கட்டடமும் 45, தனிச்சிறை 25, கொட்டடி 15, சாலை நடையும் வடகோடி வழிபாட்டிடங்களும் 20, தகனக்கூடப் பகுதி 30. நினைவிடத்தில் காட்டும் 22 நிமிட ஆவணப்படத்தை இதற்குள் திணிக்க வேண்டாம். பார்க்க விரும்புகிற பெரியவர்கள் கைடு விடைபெற்ற பிறகு பார்க்கட்டும். பையனுக்கு அது கூடவே கூடாது, விடுதலை நாளில் எடுத்த காட்சிகள் அதில் வருகின்றன.

தாழம்பூ:
11 வயதுப் பையனை அழைத்துப் போவதே சரியா என்று கேட்கத் தோன்றுகிறது.

பழங்கல்:
போகலாம், எல்லா இடத்துக்கும் அல்ல. கண்காட்சியின் முதல் அறைகளில் ஆவணங்கள், வரைபடங்கள், கைதிகளின் உடைமைகள்தான் இருக்கும். மருத்துவப் பரிசோதனைகள் பற்றிய பகுதியையும் 1945 பகுதியையும் தாண்டிவிடலாம். தகனக்கூடத்துக்கு இரண்டு பேர் போகும்போது ஒருவர் பையனோடு வெளியே நடுச் சாலையில் இருக்கட்டும். தனி கைடிடம் இதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள், அங்கே நின்று கூடிப் பேசி முடிவெடுக்க நேரம் இருக்காது.

கரிசல்காடு:
மொழிபெயர்ப்பை நான்தான் செய்ய வேண்டும். ஏதாவது யோசனை?

இசார்க்கரை:
ஒவ்வொன்றையும் மாற்றிச் சொன்னால் இரண்டரை மணி நேரம் நான்கரை ஆகிவிடும், பெரியவர்கள் மூன்றாவது நிறுத்தத்திலேயே உட்கார இடம் தேடுவார்கள். கைடிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, நிறுத்தங்களை ஐந்தாகக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசவிட்டால் ஆண்டும் எண்ணும் உங்கள் வாயில் குழம்பும்.

சில சொற்களை வீட்டிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். "ஷூட்ஸ்ஹாஃப்ட்" என்று கைடு அடிக்கடி சொல்வார். நேர்ப்பொருள் "பாதுகாப்புக் காவல்". அப்படியே மொழிபெயர்த்தால் யாரையோ காப்பாற்றுவதற்காக வைத்திருந்தார்கள் என்று அப்பா நினைத்துக்கொள்வார். விசாரணையில்லை, தீர்ப்பில்லை, முடிவு தேதியில்லை, போலீஸ் கையெழுத்து மட்டும் உண்டு. நம் ஊரில் "தடுப்புக் காவல்" என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். "காப்போ" என்றால் முகாமை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். கைதிகளிலிருந்தே பொறுக்கியெடுத்து மற்றவர்களை மேய்க்க வைத்த ஆள். "கங்காணி" என்று சொன்னால் பாதிப் பொருள் வந்துவிடும், அவரும் கைதிதான் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வன்னியூரான்:
கங்காணி எண்டது நல்ல சொல். மலையகத்து ஆக்களுக்கு விளக்கமே தேவையில்லை.

பழங்கல்:
கைடு தேறினவரா என்று சுற்றுக்கு முன்னாலேயே மின்னஞ்சலில் சோதிக்க மூன்று கேள்வி போதும்.

முதல் கைதிகள் யார்? 1933 மார்ச் 22 அன்று முகாம் திறந்தபோது கொண்டுவந்தவர்கள் அரசியல் எதிரிகள், பெரும்பாலும் கம்யூனிஸ்டுகள், பிறகு சமூக ஜனநாயகக் கட்சியினர், தொழிற்சங்கத்தார். இடம் முதல் உலகப்போர்க் காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலை. மூன்று வாரத்துக்குள், ஏப்ரல் 12 அன்று, நான்கு யூதக் கைதிகளைச் சுட்டார்கள். யூதர்களைப் பெருந்திரளாகக் கொண்டுவந்தது 1938 நவம்பருக்குப் பிறகு, அப்போது 10,000க்கும் மேற்பட்ட ஆண்கள். "முதல் நாளிலிருந்தே யூதர்களுக்காகக் கட்டிய முகாம்" என்று சொல்பவருக்கு டாஹாவின் வரலாறு தெரியாது.

நச்சுவாயு அறை பயன்பட்டதா? கறாராகக் கவனிக்க வேண்டிய பதில் இது. 1942-43இல் கட்டிய புதிய தகனக்கூடத்தில், கதவின் மேல் "குளியலறை" என்று எழுதிய அறை இருக்கிறது. அது உண்மையான நச்சுவாயு அறைதான். ஆனால் ஆஷ்விட்ஸில் போல் இங்கே கூட்டங்கூட்டமாகக் கொல்ல அது பயன்படவில்லை. நலிந்துபோன 2,500க்கும் மேற்பட்ட கைதிகளை ஆஸ்திரியாவின் ஹார்ட்ஹைம் மாளிகைக்கு அனுப்பி அங்கே வாயுவால் கொன்றார்கள். "இங்கே ஆயிரக்கணக்கில் வாயுவில் கொன்றார்கள்" என்பவர் தப்பாகச் சொல்கிறார். "அந்த அறையே அமெரிக்கர்கள் பிறகு கட்டியது" என்பவர் வரலாற்றை மறுக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் இறந்தார்கள்? 1933 முதல் 1945 வரை டாஹாவிலும் அதன் 140 துணை முகாம்களிலும் அடைபட்டவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் குறைந்தது 41,500. இந்த "குறைந்தது" என்ற சொல்லைக் கைடு விடாமல் சொல்கிறாரா பாருங்கள். 1941-42இல் ஹெபெர்ட்ஸ்ஹவுசன் துப்பாக்கி சுடும் தளத்தில் கொன்ற 4,000க்கும் மேற்பட்ட சோவியத் போர்க்கைதிகளை முகாம் பதிவேட்டில் ஏற்றவே இல்லை.

தாழம்பூ:
அந்தச் சுடுதளம் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறதா?

பழங்கல்:
இல்லை, 2 கிலோமீட்டர் தள்ளி. தனி கார் வைத்திருந்தால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். திறந்தவெளி, கூட்டமே இருக்காது. லைட்டன்பெர்க் குன்றுக் கல்லறையும் அப்படித்தான். 1945 தொடக்கத்தில் தகனக்கூடத்துக்கு நிலக்கரி தீர்ந்தபோது பிணங்களை அங்கே குழிகளில் புதைத்தார்கள். 7,000க்கும் மேற்பட்டோர் அங்கே கிடக்கிறார்கள்.

கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன். மைதானத்தில் நான்டோர் கிளிட் 1968இல் செய்த பெரிய உலோகச் சிற்பத்துக்குப் பக்கத்தில், சங்கிலியில் கோத்த வண்ண முக்கோணங்கள் இருக்கின்றன. கைதிகள் உடையில் தைத்த அடையாளம் அது. எந்த வண்ணம் இல்லை என்று கைடிடம் கேளுங்கள். தன்பாலின ஈர்ப்புக்காகப் பிடிபட்டவர்களின் இளஞ்சிவப்பு இல்லை, "சமூக விரோதி" என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் கறுப்பு இல்லை, குற்றவாளி என்று வகைப்படுத்தியவர்களின் பச்சையும் இல்லை. அறுபதுகளில் யாரைப் பலியானவராக ஏற்றார்கள், யாரை ஏற்கவில்லை என்பது அந்தச் சங்கிலியிலேயே தெரிகிறது. இளஞ்சிவப்பு முக்கோண நினைவுக்கல் 1985இல் செய்து, பத்தாண்டு புராட்டஸ்டண்ட் ஆலயத்தில் கிடந்து, 1995இல்தான் அருங்காட்சியகத்துக்குள் வந்தது.

கரிசல்காடு:
நூர் இனாயத் கான் கொல்லப்பட்டது இங்கேதான் என்று அம்மா எங்கேயோ படித்திருக்கிறார். திப்பு சுல்தான் வம்சம் என்பதால் அதைப் பார்க்க வேண்டும் என்கிறார். அவரை வைத்திருந்த அறை இருக்கிறதா?

இசார்க்கரை:
மாதக்கணக்கில் அவரை அடைத்துவைத்திருந்த சிறை ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில். 1943 நவம்பரிலிருந்து அங்கே சங்கிலியில் வைத்திருந்தார்கள். டாஹாவுக்குக் கொண்டுவந்தது 1944 செப்டம்பர் 12 இரவு, மறுநாள் விடிந்ததும் சுட்டுவிட்டார்கள். அவரோடு யோலாண்ட் பீக்மன், மதலேன் டாமெர்மான், எலியான் ப்ளூமன் என்ற மூவரும். நால்வரும் பிரிட்டிஷ் உளவு அமைப்புக்காகப் பிரான்சில் வேலை செய்தவர்கள். நூர் ரேடியோ இயக்குநர். 1949இல் பிரிட்டன் ஜார்ஜ் கிராஸ் விருதை மறைவுக்குப் பின் அளித்தது. ஆகவே "நூரின் அறை" என்று ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். நால்வர் பெயரும் பொறித்த நினைவுப் பலகை தகனக்கூடத்தில் இருக்கிறது.

அவருடைய கடைசி இரவைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்போல் வர்ணிக்கும் கைடு கிடைத்தால் அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிடுங்கள். அம்மாவுக்குப் பெயரும் தேதியும் இடமும் போதும்.

வன்னியூரான்:
தகனக்கூடத்துக்குள்ள கன கைடுகள் கூட வரமாட்டினம். வெளியில நிண்டு விளக்கிப்போட்டு, "உள்ள போயிட்டு வாங்கோ" எண்டு விடுவினம். காசு குடுத்தும் கூட வரேல்லை எண்டு கோவிக்க வேண்டாம், அது அந்த இடத்துக்குக் குடுக்கிற மரியாதை. மொழிபெயர்ப்பையும் வாசலிலயே முடிச்சிடுங்கோ, உள்ள கதைக்காதேங்கோ. அடுப்புக்கு முன்னால நிண்டு ஒருத்தரும் படம் எடுக்கவும் வேண்டாம்.

கரிசல்காடு:
சரி, முடிவு செய்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை, காலை 9.30க்கு வாசலில் கைடு, ஐந்து நிறுத்தம், படம் கடைசியில் பெரியவர்களுக்கு மட்டும். அந்தப் பலகைக்குக் கீழே அம்மா பூ வைக்கலாமா?

இசார்க்கரை:
வைக்கலாம், பலரும் வைக்கிறார்கள். கைடிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பூவை ஹவுப்ட்பான்ஹோஃபிலேயே வாங்கிவிடுங்கள், நினைவிட வாசலில் பூக்கடை தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். பளபளவென்று சுற்றித் தரும் பிளாஸ்டிக் தாளையும் ரப்பர் பேண்டையும் வெளியிலேயே கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளே அந்தத் தாள் சரசரக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்கும்.